ஸ்கேன் படத்தில் வலம் எது, இடம் எது: அக்ஸியல், கொரோனல், சஜிட்டல் தளங்களை வாசிக்கும் முறை

கேள்வி இதுதான். தென்னையில் இருந்து விழுந்த மாமாவுக்கு மட்டக்களப்பில் வயிற்றுக்கும் முள்ளந்தண்டுக்கும் சேர்த்து சி.ரி. ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். களுவாஞ்சிக்குடி வீட்டுக்கு வந்த பிலிமை மருமகன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். அவர் தாதியர் பயிற்சியில் முதலாம் வருடம். வலப்பக்கம் இருக்க வேண்டிய ஈரல் படத்தின் இடப்பக்கம் கிடக்கிறது. முதலாவது நாரி முள்ளென்பின், அதாவது எல்1 என்பின், முன்பக்க உயரம் குறைந்திருப்பது சஜிட்டல் படங்களில், அதாவது பக்கவாட்டில் இருந்து பார்க்கும் நெடுக்கு வெட்டுகளில், தெரிகிறது என்று ரிப்போர்ட் சொல்கிறது. ஆனால் பிலிமில் வரிசையாக இருக்கும் அக்ஸியல் பெட்டிகளில், அதாவது குறுக்கு வெட்டுப் படங்களில், அவருக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. படம் மாறி வந்ததா, ரிப்போர்ட் மாறி வந்ததா என்று கேட்கிறார்.

இரண்டும் மாறவில்லை, தம்பி. ஈரல் அதன் இடத்தில்தான் இருக்கிறது. முறிவு அக்ஸியல் பெட்டிகளில் தெரியாமல் போனதிலும் அதிசயம் இல்லை. இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். எந்த வெட்டுப் படமும் உடலின் மூன்று திசைகளில் இரண்டைத்தான் காட்டும், மூன்றாவதை மறைத்துவிடும். காட்டுகிற இரண்டு திசைகள் எவை, படத்தின் எந்த ஓரத்தில் எது இருக்கிறது என்பதை விளிம்பில் உள்ள சிறிய எழுத்துகள் சொல்கின்றன. அந்த எழுத்துகளை வாசித்த பிறகுதான் உள்ளே இருக்கும் உறுப்பைப் பார்க்க வேண்டும். வாட்டில் வேலை செய்யப் போகிறவர் இதை முதல் வருடத்திலேயே கைப்பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. வலம் இடம் மாறினால் நல்ல சிறுநீரகத்தின் பக்கம் கத்தி வைக்கிற அளவுக்குப் போகும்.

நோயாளி மல்லாந்து கிடக்கலாம், குப்புறக் கிடக்கலாம், ஒருக்களித்துக் கிடக்கலாம். மருத்துவத்தில் திசை சொல்வதற்கு மட்டும் ஒரே நிலைதான்: நிமிர்ந்து நின்று, முன்னே பார்த்து, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்னுக்குக் காட்டி நிற்கும் ஆள். வலம், இடம் என்பதெல்லாம் அந்த ஆளின் வலமும் இடமும்தான். பார்க்கிறவரின் கை எந்தப் பக்கம் என்பது கணக்கில் வராது. மட்டக்களப்பில் இருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் இருப்பவருக்குக் கடல் இடக்கைப் பக்கம், அதே பஸ்ஸில் திரும்பி வரும்போது வலக்கைப் பக்கம். கடல் என்னவோ கிழக்கிலேயேதான் கிடக்கிறது. நோயாளியின் வலமும் அந்தக் கிழக்குப் போல மாறாதது.

இனித் தளங்கள். உடலைத் தலைப்பக்கம், காற்பக்கம் என்று பிரிக்கும் குறுக்கு வெட்டு அக்ஸியல். அது வலம்–இடம், முன்–பின் ஆகிய இரண்டையும் காட்டும், உயரத்தை மறைக்கும். முன்பக்கம், பின்பக்கம் என்று பிரிப்பது கொரோனல். அதில் வலம்–இடமும் உயரமும் தெரியும், முன்–பின் ஆழம் தெரியாது. வலம், இடம் என்று பிரிப்பது சஜிட்டல். அதில் முன்–பின்னும் உயரமும் தெரியும், எந்தப் பக்கம் என்பது தெரியாது. சஜிட்டல் வெட்டு சரியாக நடுக்கோட்டில் போனால் நடுச் சஜிட்டல் என்பார்கள். ஒவ்வொரு தளமும் எதை மறைக்கிறது என்பதைச் சேர்த்தே மனதில் வையுங்கள். காட்டுவதை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தான் பிறகு தடுமாறுகிறார்கள்.

ஈரலுக்கு வருவோம். அக்ஸியல் படத்தை, மல்லாந்து கிடக்கும் நோயாளியின் காற்பக்கம் நின்று தலைப்பக்கம் பார்ப்பதுபோல் காட்டுவது உலக வழக்கம். கட்டிலின் கால்மாட்டில் நின்று நோயாளியைப் பாருங்கள்: அவருடைய வலக்கை உங்கள் இடப்பக்கம் இருக்கும். ஆகவே ஈரல் படத்தின் இடப்பக்கம், மண்ணீரல் படத்தின் வலப்பக்கம். வயிற்றுத் தோல் மேலே, முதுகு கீழே. கொரோனல் படமும் நோயாளியை எதிரே நிற்கவைத்துப் பார்ப்பதுபோல்தான், அதிலும் அவருடைய வலம் படத்தின் இடப்பக்கம் வரும். விளிம்பில் ஆர் என்ற எழுத்து வலத்தையும், எல் இடத்தையும், ஏ முன்பக்கத்தையும், பி பின்பக்கத்தையும், எச் தலைப்பக்கத்தையும், எஃப் காற்பக்கத்தையும் குறிக்கும். சில இயந்திரங்கள் தலைக்கும் காலுக்கும் எஸ், ஐ என்று போடும். இரண்டு எழுத்துகள் ஒட்டி வந்தால், எடுத்துக்காட்டாக ஆர்.ஏ. என்று வந்தால், அந்த ஓரம் வலமும் முன்னும் சேர்ந்த சாய்வான பக்கம். வெட்டு சரிவாகப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஈரல் படத்தின் வலப்பக்கம் தெரிந்தால்தான் நின்று யோசிக்க வேண்டும். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். பிலிமைப் பின்புறம் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள். பெயரும் எண்களும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி இருந்தால் அதுதான். அல்லது நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து எடுத்திருக்கிறார்கள். நுரையீரலின் பின்பகுதியைப் பார்க்கவும், முதுகுப் பக்கமாக ஊசி விட்டுத் துண்டு எடுக்கவும் அப்படிக் கிடத்துவார்கள். அப்போது ஆர் எழுத்தும் சேர்ந்து வலப்பக்கம் போயிருக்கும், ஸ்கேன் மேசையின் வளைந்த கோடு வயிற்றுப் பக்கமாகத் தெரியும். மூன்றாவது, உள்ளுறுப்புகள் எல்லாமே பிறவியில் பக்கம் மாறி அமைந்தவர்கள். சுமார் 10,000 பேரில் ஒருவர் அப்படி இருப்பார் என்பது பொதுவான கணக்கு. அவருடைய பழைய நெஞ்சு எக்ஸ்ரேயிலும் இதயத்தின் நுனி வலப்பக்கம் திரும்பியிருக்கும்.

இப்போது மாமாவின் பிலிமில், எல்1 மட்டத்து அக்ஸியல் பெட்டி ஒன்றை மட்டும் எடுத்து ஆறுதலாகப் பார்ப்போம். கீழே, நடுவில் வெள்ளையாக இருப்பது முள்ளென்பின் உடல். அதற்குப் பின்னால் சாம்பல் வட்டமாகத் தெரிவது முண்ணாண் போகும் கால்வாய். பெரியவர்களுக்கு முண்ணாண் ஏறக்குறைய இந்த எல்1, எல்2 மட்டத்தில் முடிந்துவிடும். என்புக்குச் சற்று முன்னால் இரண்டு பெரிய வட்டங்கள்: படத்தின் வலப்பக்கம் சாய்ந்து இருப்பது பெருநாடி, இடப்பக்கம் இருப்பது கீழ்ப்பெருநாளம். வயது போனவர்களில் பெருநாடியின் சுவரில் சுண்ணாம்புப் படிவு வெள்ளைப் பொட்டாகத் தெரியும், அதை வைத்துப் பெருநாடியைப் பிழையில்லாமல் பிடிக்கலாம். இரண்டு பக்கமும் சிறுநீரகங்கள். முன்னால் குறுக்கே கிடப்பது சதையி. இரைப்பையில் கறுப்பாகத் தெரியும் காற்று மேலே, நீர் கீழே. நடுவில் மட்டப்பலகை வைத்ததுபோல் நேர்கோடு. அந்தக் கோடு இருந்தால் எந்தப் பக்கம் தரையை நோக்கிக் கிடந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம், காற்று எப்போதும் மேலேதான் ஏறும்.

அந்த எல்1 வட்டம் முழுதாக, உடையாததுபோல் தெரிகிறது என்கிறீர்கள். உயரத்திலிருந்து விழுந்து நசுங்கிய முள்ளென்பில் குறைவது உயரம். அக்ஸியல் தளம் மறைக்கிற திசையும் அதே உயரம்தான். முன்பக்க உயரம் 25 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், 5 மில்லிமீற்றர் வெட்டுகளில் அது 5 பெட்டிகளில் வரும். நசுங்கி 15 மில்லிமீற்றர் ஆகிவிட்டால் முன்விளிம்பு 3 பெட்டிகளில் வரும். ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாகப் பார்த்தால் வட்டம் வட்டமாகத்தான் இருக்கும். பெட்டிகள் குறைந்ததைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். பழகின கண்ணுக்கு முன்விளிம்பில் இரட்டைக் கோடோ கலங்கலான வளைவோ தென்படலாம், அவ்வளவுதான். சஜிட்டலில் அதே என்பு மேலும் கீழும் உள்ள என்புகளுக்கு நடுவே ஆப்புப் போல் முன்னால் சரிந்து நிற்பது ஒரே பார்வையில் தெரியும். அதற்காக அக்ஸியலை ஒதுக்கவும் கூடாது. உடைந்த துண்டு பின்னால் தள்ளி முண்ணாண் கால்வாய்க்குள் எவ்வளவு புகுந்திருக்கிறது, கால்வாய் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்பதை அக்ஸியல்தான் முழுதாகக் காட்டும். ரிப்போர்ட் எழுதுபவர் இரண்டையும் பார்த்துத்தான் எழுதுகிறார். அது கிடக்க, மாமாவுக்குக் காலில் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கில் மரத்தாலோ, சிறுநீர் போகாமல் கட்டினாலோ கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

வெட்டுக்குச் சமாந்தரமாக ஓடும் எந்த முறிவுக்கும் இதே கதைதான். கழுத்தின் இரண்டாவது முள்ளென்பில் பல் போல் நிற்கும் பகுதி அடியில் குறுக்காக உடைந்தால், அக்ஸியல் வெட்டுகள் அந்த வெடிப்புக்குச் சமாந்தரமாகவே போகும். இரண்டு வெட்டுகளுக்கு நடுவில் வெடிப்பு மறைந்துபோகலாம். கொரோனலிலும் சஜிட்டலிலும் அது குறுக்குக் கோடாகத் தெரியும். சீற் பெல்ட் போட்டு விபத்தில் முன்னுக்கு மடிந்தவர்களின் முள்ளென்பு குறுக்கே பிளப்பதும் அப்படித்தான். மோட்டார் சைக்கிளில் விழுந்து முகத்தில் அடிபட்டவரின் கண்குழியின் அடித்தட்டு உடைந்திருக்கிறதா என்பதற்குக் கொரோனல் வேண்டும், ஏனென்றால் அந்தத் தட்டு ஏறக்குறைய கிடையாக ஓடுகிறது. பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவில் விரிந்திருக்கும் சவ்வின் மேல் மெல்லியதாகப் பரவின இரத்தம் அக்ஸியலில் மங்கலாகத் தெரியும், கொரோனலில் தடிப்பாகத் தெரியும். பிரிமென்றகட்டில் கிழிவு என்று சந்தேகம் வந்தாலும் கொரோனலும் சஜிட்டலும் இல்லாமல் முடிவுக்கு வர முடியாது.

சஜிட்டலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் முகமும் வயிறும் பெரும்பாலும் படத்தின் இடப்பக்கம் பார்த்திருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதை உடலின் இடப்பக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஒரு சஜிட்டல் பெட்டியைத் தனியாகப் பார்த்து அது வலமா இடமா என்று சொல்லவே முடியாது. ஓரங்களில் ஏ, பி, எச், எஃப் தான் இருக்கும். ஆர், எல் இருக்காது. அதற்குத்தான் பிலிமின் முதல் பெட்டியில் வழிகாட்டிப் படம் ஒன்றை அச்சிடுகிறார்கள். அதன் மேல் வரிசையாகக் கோடுகள், கோடுகளுக்கு எண்கள். நீங்கள் பார்க்கும் பெட்டியின் எண்ணை அந்தக் கோட்டோடு பொருத்தினால் எங்கே வெட்டியது என்று தெரியும். பல இயந்திரங்கள் ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் ஆர் 12.0, எல் 8.0 என்று நடுப்புள்ளியில் இருந்து தூரத்தையும் எழுதிவிடும். முள்ளென்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் எந்தப் பக்கம் பிதுங்கியிருக்கிறது என்று பார்க்கும்போது இந்த எண்தான் கை கொடுக்கும்.

முள்ளென்புகளை எண்ணுவதிலும் இதே வழிகாட்டிப் படம் வேண்டும். சிலருக்குக் கடைசி நாரி முள்ளென்பு கீழேயுள்ள திருவென்போடு ஒட்டிப் பிறந்திருக்கும், சிலருக்குத் திருவென்பின் முதல் என்பு பிரிந்து நாரி என்பு போல் நிற்கும். கீழே இருந்து மேலே எண்ணினால் ஒரு மட்டம் தவறிவிடும். பிறகு சத்திரசிகிச்சை பிழையான டிஸ்க்கில் போய் முடியும். கழுத்தின் இரண்டாவது என்பில் இருந்து கீழ்நோக்கி எண்ணுவதுதான் நம்பிக்கையான வழி. கடைசி விலா என்பு எந்த முள்ளென்பில் பொருந்துகிறது என்று பார்ப்பது துணைக்கு உதவும். ஆனால் 12வது விலா சிலருக்கு மிகச் சிறிதாக இருக்கும், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

தலைப் படத்தில் வேறு ஒரு பொறி இருக்கிறது. நோயாளி வலியில் தலையைச் சாய்த்துக் கிடந்தால், ஒரே அக்ஸியல் பெட்டியில் வலப்பக்கம் காதென்பு மட்டமும் இடப்பக்கம் அதற்கு மேலுள்ள மூளையும் வரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லையே, ஒன்றில் வீக்கமோ என்று தோன்றும். இரண்டு பக்கத்து உட்காதுக் கால்வாய்களும் ஒரே பெட்டியில் வருகின்றனவா என்று முதலில் பாருங்கள். வரவில்லை என்றால் தலை சாய்ந்திருக்கிறது. மெல்லிய வெட்டுகள் கையில் இருந்தால் கணினியில் தளத்தைத் திருப்பி நேராக்கிவிடலாம், திரும்ப ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை.

தளத்தைக் கணினியில் திருப்பலாம் என்றேன். எப்போது திருப்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். சி.ரி. இயந்திரம் உடலைச் சுற்றிச் சுழன்று எடுக்கிறது, ஆகவே அதற்கு இயல்பாக வருவது அக்ஸியல். 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டன் விம்பிள்டனில் அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதல் நோயாளிக்கு எடுத்த தலைப் படமும் அக்ஸியல்தான். இன்றைய இயந்திரங்கள் மெல்லிய அக்ஸியல் வெட்டுகளை அடுக்கி, அந்த அடுக்கை வேறு திசையில் வெட்டிக் கொரோனலையும் சஜிட்டலையும் செய்கின்றன. இதை எம்.பி.ஆர். என்பார்கள். அடுக்கு மெல்லியதாக இருந்தால்தான் இது சரிவரும். கணக்குப் பாருங்கள்: 350 மில்லிமீற்றர் அகலப் பரப்பை 512 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளி 0.68 மில்லிமீற்றர். வெட்டின் தடிப்பு 5 மில்லிமீற்றர் என்றால் ஒவ்வொரு கனத்துண்டும் அகலத்தைப்போல் 7 மடங்கு உயரம். அதை நிமிர்த்திச் சஜிட்டல் செய்தால் என்பின் விளிம்பு படிக்கட்டுப் போல் உடைந்து உடைந்து வரும், மெல்லிய வெடிப்பு அதற்குள் தொலைந்துவிடும். 0.625 அல்லது 1 மில்லிமீற்றர் வெட்டில் எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே கூர்மை கிடைக்கும். தடித்த வெட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. 2 மில்லிமீற்றர் கல் ஒன்று 5 மில்லிமீற்றர் துண்டுக்குள் அகப்பட்டால், சுற்றியுள்ள சதையோடு சராசரி ஆகி வெளிறிப்போய்விடும்.

பிலிமில் அச்சிட்டுத் தருவது பெரும்பாலும் தடித்த வெட்டுகளைத்தான், பெட்டி எண்ணிக்கை தாங்காது என்பதற்காக. மெல்லிய வெட்டுகள் கணினியில் இருக்கும். அதையும் காலவரையின்றி வைத்திருக்க மாட்டார்கள். இயந்திரத்தில் உள்ள மூலத் தரவு இடம் போதாமல் சில நாட்களில் மேலெழுதப்பட்டுவிடும், அதன் பிறகு புதிய தடிப்பில் படம் செய்ய முடியாது. ஆகவே வேறு தளத்தில் படம் வேண்டும் என்று டொக்டர் சொன்னால் தாமதிக்காமல் ரேடியோகிராபரிடம் கேளுங்கள், மெல்லிய வெட்டுகளைச் சி.டி. தட்டிலும் பதிந்து வாங்கிக்கொள்ளுங்கள். கதிர் இரண்டாம் தடவை படாது.

எம்.ஆர்.ஐ. வேறு சாதி. அது காந்தப்புலத்தின் சரிவை மாற்றி, விரும்பின தளத்தில் நேரடியாகவே வெட்டும். அதனால் உறுப்பு எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அப்படியே சாய்த்து எடுக்கிறார்கள். நாரி டிஸ்க்குகளுக்கு ஒவ்வொரு டிஸ்க்குக்கும் சமாந்தரமாகச் சாய்த்த அக்ஸியல். கடைசி டிஸ்க் நன்றாகச் சரிந்திருப்பதால், அங்கே நேரே வெட்டினால் பாதி டிஸ்க்கும் பாதி என்பும் ஒரே பெட்டியில் வந்து, இல்லாத பிதுக்கம் இருப்பதுபோல் காட்டும். தோளில் மேல்தசைநாண் ஓடும் வழியே சாய்த்த கொரோனல். முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் முழுநீளமாகத் தெரியச் சற்றுச் சரித்த சஜிட்டல். வலிப்பு நோயாளிக்கு, மூளையின் உட்பகுதியில் உள்ள ஹிப்போகாம்பஸின் நீளத்துக்குச் செங்குத்தான கொரோனல். இதயத்துக்கு உடலின் தளங்கள் பொருந்தவே பொருந்தாது. அது இடப்பக்கமும் முன்னும் கீழும் சரிந்து கிடப்பதால் அதன் சொந்த அச்சை வைத்து நீள அச்சு, குறுக்கு அச்சு, நான்கு அறை என்று வெட்டுகிறார்கள்.

தளம் பிழைத்தால் அளவும் பிழைக்கும். வைத்தியம் இந்த அளவை நம்பித்தான் நடக்கிறது. வீங்கிய பெருநாடியின் விட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வயது போனவர்களில் பெருநாடி வளைந்து நெளிந்து போகும். 4 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாயை 45 பாகை சரிவாக வெட்டினால் வட்டம் நீள்வட்டமாகி, நீளப்பக்கம் 5.7 சென்ரிமீற்றர் வரும். ஆண்களில் வயிற்றுப் பெருநாடிக்குச் சத்திரசிகிச்சை யோசிக்கும் எல்லை பொதுவாக 5.5 சென்ரிமீற்றர். அவசரமில்லாத ஒருவரை ஒரு சரிந்த வெட்டு சத்திரசிகிச்சை மேசைக்கு அனுப்பிவிடலாம். குழாய் ஓடும் திசைக்குச் செங்குத்தாகத் தளத்தைத் திருப்பி அளப்பதுதான் சரி. அக்ஸியல் பெட்டி மட்டும்தான் இருக்கிறது என்றால் நீள்வட்டத்தின் குறுகிய விட்டத்தை எடுப்பது உண்மைக்குக் கிட்டவாக இருக்கும்.

அல்ட்ராசவுண்டில் இது எதிர்ப்பக்கமாகப் பிழைக்கும். தெஹியத்தகண்டிப் பக்கம் நாட்பட்ட சிறுநீரக நோய் பலரைப் பிடித்திருக்கிறது. அங்கிருந்து வருகிறவர்களுக்குச் சிறுநீரகத்தின் நீளம் ஒவ்வொரு முறையும் முக்கியம், சுருங்குகிறதா என்று அதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். பெரியவரின் சிறுநீரகம் ஏறக்குறைய 10 முதல் 12 சென்ரிமீற்றர். அது நேராக நிற்பதில்லை. மேல்முனை முள்ளந்தண்டுக்குக் கிட்டவும் பின்னாலும், கீழ்முனை விலகி முன்னாலும் இருக்கும். புரோபை, அதாவது தோலில் வைத்துப் பிடிக்கும் கருவியை, உடலின் சஜிட்டலில் நேரே வைத்தால் வெட்டு சிறுநீரகத்தின் ஒரு முனையைத் தவறவிட்டு, நீளம் 1, 2 சென்ரிமீற்றர் குறைவாக வரும். சுருங்காத சிறுநீரகம் சுருங்கினதாகப் பதிவாகும். புரோபை மெல்லத் திருப்பி, இரண்டு முனையும் ஒன்றாகத் தெரிந்து நீளம் உச்சத்துக்கு வரும் வெட்டில்தான் அளக்க வேண்டும். புரோபின் ஒரு பக்கத்தில் உள்ள புடைப்பு அல்லது கோடு நெடுக்கு வெட்டில் தலைப்பக்கமும், குறுக்கு வெட்டில் நோயாளியின் வலப்பக்கமும் பார்க்க வேண்டும். அப்போது திரையின் இடப்பக்கம் முறையே தலையும் வலமும் வரும். சந்தேகமாக இருந்தால் ஜெல் பூசிய முகப்பின் ஒரு ஓரத்தை விரலால் தட்டிப் பாருங்கள், திரையில் எந்த ஓரம் அசைகிறது என்று உடனே தெரியும். இதய எக்கோவில் குறி திரையின் வலப்பக்கம் இருக்கும், அது அந்தத் துறையின் வழக்கம்.

எக்ஸ்ரே வெட்டே அல்ல, நிழல். உள்ளே இருக்கும் அத்தனையும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருக்கும், ஆழம் முழுதாக அழிந்திருக்கும். அதனால்தான் என்பு முறிவுக்கு 90 பாகை வித்தியாசத்தில் இரண்டு படம் கேட்கிறார்கள். நெஞ்சுப் படத்தில் கதிர் முதுகு வழியாகப் புகுந்து நெஞ்சு வழியாக வெளியேறினால் பி.ஏ., 180 சென்ரிமீற்றர் தூரத்தில் எடுப்பது. எழும்ப முடியாதவருக்குக் கட்டிலில் முன்பக்கமிருந்து கிட்டத்தில் எடுத்தால் ஏ.பி., அதில் இதயம் பிலிமில் இருந்து விலகியிருப்பதால் நிழல் பெருத்து விழும். ஏ.பி. படத்தை வைத்து இதயம் வீங்கியிருக்கிறது என்று சொல்லக் கூடாது. பக்கம் காட்டும் ஈய எழுத்தைக் கதிர் விடும் முன்பே வைத்திருக்க வேண்டும். பிறகு கணினியில் போட்ட எழுத்துக்கு அதே நம்பிக்கை கிடையாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை மறைக்கக் கூடாது: சி.ரி., எம்.ஆர்.ஐ. எழுத்துகளும் பிழைக்கலாம். ஆள் தலை முன்னாகவா கால் முன்னாகவா போகிறார், மல்லாந்தா குப்புறவா கிடக்கிறார் என்பதை இயந்திரம் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. படம் எடுப்பவர் தெரிவுசெய்கிறதை நம்பித்தான் எழுத்துகளைப் போடுகிறது. தெரிவு பிழைத்தால் ஆரும் எல்லும் எதிர்மாறாகும். வயிற்றில் ஈரல் காட்டிக்கொடுத்துவிடும். தலையில் ஈரல் இல்லை, மூளை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் பிழை வெளியே தெரியாது. அங்கே வேறு சாட்சி தேட வேண்டும்: எந்தப் பக்கத் தோலில் காயமும் வீக்கமும் இருக்கிறது, பழைய படத்தில் எந்தப் பக்கம் இருந்தது, கை கால் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. இடப்பக்க மூளை வலப்பக்க உடலை நடத்துகிறது. மூளைக்கு மேல் இரத்தம் வலப்பக்கம் என்று எழுத்து சொல்லி, வலக்கையே பலமிழந்திருந்தால், அரிதாக அப்படியும் நடக்கும் என்றாலும், சத்திரசிகிச்சைக்கு முன் நிறுத்திச் சரிபார்த்தே ஆக வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் சில இடங்களில் ஒரு பக்கத் தோலில் மீனெண்ணெய் அல்லது விற்றமின் ஈ குளிகை ஒட்டி எடுப்பார்கள். அது பளிச்சென்று தெரிந்து பக்கத்தை உறுதிப்படுத்தும்.

கோப்புகளைக் கணினியில் திறந்து ஆராய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஸ்கேன் இயந்திரங்கள் படத்தைச் சேமிக்கும் டைகொம் கோப்பில், இடத்தைக் குறிக்கும் எண்கள் நோயாளியின் இடப்பக்கம், பின்பக்கம், தலைப்பக்கம் நோக்கிக் கூடும். மூளை ஆராய்ச்சியில் பயன்படும் நிஃப்டி கோப்பில் வலம், முன், தலை நோக்கிக் கூடும். சில மென்பொருள்கள் வலத்தை வலப்பக்கமே காட்டும். மாற்றும்போது முதல் வேலையாக விளிம்பு எழுத்தைப் பாருங்கள்.

தம்பி, மாமாவின் படத்தைக் கொழும்பில் உள்ள டொக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஜன்னலில் பிடித்து முறிவை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்ப வேண்டாம். அதில் எழுத்தும் போகும், பெட்டி எண்ணும் போகும், எந்தத் தளம் என்பதும் போகும். பெயர் நேராக வாசிக்கக் கூடியதாகப் பிலிமைப் பிடித்து, முதலில் முழுத் தாளையும் நான்கு மூலையும் தெரிய எடுங்கள். அடுத்து வழிகாட்டிப் பெட்டி, கோடுகளின் எண்கள் தெளிவாக. அதன் பிறகு எல்1 வரும் சஜிட்டல் பெட்டி, பிறகு அதே மட்டத்து அக்ஸியல் பெட்டி, இரண்டும் ஓரத்து எழுத்துகளோடு. முன் கமராவால் எடுக்காதீர்கள், சில போன்கள் அதைப் பக்கம் மாற்றிச் சேமிக்கும். சி.டி. தட்டு கையில் இருந்தால் படம் பிடிப்பதை விட்டு, அதில் உள்ள கோப்புறை முழுவதையும் அப்படியே சுருக்கி அனுப்புங்கள். டொக்டர் தனக்கு வேண்டிய தளத்தில் தானே வெட்டிப் பார்ப்பார்.